பள்ளிக்கூடத்தில் பத்திரமாக இருந்த புஷ்பம்

போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஹட்டனில் என் வீட்டுப் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஷர்மிளா. நான் ஓய்வு பெற்றபோது என் மேசைக்கு வந்த பெண்.

"மிஸ், பிஸியா இருக்கீங்களா?"

"துணி காயப்போடுறேன். வெயில் இன்னும் பத்து நிமிஷம்தான் நிக்கும். சட்டுனு சொல்லு."

"பழைய சர்வர மூடப்போறோம் மிஸ். அதுல ஒரு போல்டர்ல ஒரே ஒரு பழைய இமேஜ் கெடந்துச்சு. என்னான்னு பாப்போமேன்னு தொறந்தேன். தொறந்த ஒடனே ஒரு பதிவு வந்து விழுது. 'புஷ்பம், ஆறாம் லயம், நாலாம் காம்பரா, பத்திரம், பள்ளிக்கூடம்.' நேரம் பாத்தா இன்னிக்கு, இப்ப. நெட்வேர்க் வயர்கூட மாட்டல மிஸ். மூணு தடவ மூடித் தொறந்துட்டேன். மூணு தடவையும் வருது. யாரு மிஸ் இந்தப் புஷ்பம்?"

கையில் இருந்த ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே நின்றேன். பிழிந்ததையே திரும்பப் பிழிந்தேன்.

"மூடிரு. திரும்பத் தொறக்காத. அழிச்சும் போட்டுறாத. நான் எழுதித் தர்றேன்" என்றேன்.

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேனே தவிர, அதற்கு முன்னால் ராகலைக்கு ஒரு தடவை போக வேண்டியிருந்தது. அங்கே இருக்கிற ஒருவரைப் பதினொரு வருஷத்துக்கு முன்பே போய்ப் பார்த்திருக்க வேண்டும். இப்போது போய் வந்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன்.

என் கதை பெரிதாக ஒன்றும் இல்லை. றொசல்லைப் பக்கம் ஒரு லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பரா வீடுகளில் ஒன்றில் பிறந்தேன். படித்தேன், டைப்பிங் பழகினேன், கண்டியில் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தேன். தேயிலைத் தோட்டக் கம்பனியின் ஹட்டன் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அங்கே கம்ப்யூட்டர் பகுதி என்றால் இரண்டு பேர்தான். நானும் குணசீலன் சேரும்.

சேர் யாழ்ப்பாணத்து ஆள். ஜெர்மனியில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். வரும்போது ஸ்மோல்டோக் என்ற கம்ப்யூட்டர் மொழியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் "இதையெல்லாம் இப்போது யார் பாவிக்கிறார்கள்" என்று சிரிப்பார்கள். சேர் மறுப்புச் சொல்லமாட்டார். சட்டைக் கையின் பொத்தானைச் சரிபார்த்துவிட்டு, "நான் பாவிக்கிறன்" என்பார்.

கை கழுவாமல் கீபோர்டைத் தொடமாட்டார். எழுதிய ஒவ்வொரு வரியையும் வாய்விட்டு வாசித்துப் பார்த்துத்தான் அடுத்த வரிக்குப் போவார். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் என்னைப் 'பிள்ளை' என்று கூப்பிடாமல் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அன்றைக்குப் பகல் சாப்பாடு எனக்கு இறங்காது.

இந்த ஸ்மோல்டோக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மற்ற மொழிகளில் நிரல் என்பது எழுதி வைத்த தாள் மாதிரி. ஓடவிட்டால் ஓடும், நிறுத்தினால் நின்றுபோகும், அடுத்த முறை முதலிலிருந்து தொடங்கும். இதில் அப்படி இல்லை. எழுதியது, ஓடிக்கொண்டிருப்பது, பாதியில் நிற்பது எல்லாமே ஒரே இடத்தில் உயிரோடு இருக்கும். அந்த இடத்துக்குத்தான் இமேஜ் என்று பெயர். அதைச் சேமித்து மூடினால் அப்படியே தூங்கும். திறந்தால் விட்ட வேலையை விட்ட இடத்திலிருந்தே தொடரும்.

சேர்ந்த புதிதில் இது எனக்கு விளங்கவில்லை. பழகுவதற்காக, செக்கனுக்கு ஒன்று என்று எண்ணுகிற ஒரு சின்ன வேலையை எழுதினேன். வெள்ளிக்கிழமை மாலை அது எண்ணிக்கொண்டிருக்கும்போதே சேமித்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். திங்கட்கிழமை காலை திறந்தேன். நானூற்றுப் பதினாறு என்று காட்டியது. வெள்ளிக்கிழமை நான் கடைசியாகப் பார்த்தது நானூற்றுப் பதினைந்து. பின்னாலிருந்து சேர் சொன்னார்:

"அதுக்கு வெள்ளிக்கிழமை இன்னும் முடியேல்லை, பிள்ளை."

சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அந்த எண்ணுகிற வேலையை அவசரமாக நிறுத்தினேன்.

பிறகு தொழிற்சாலைகளிலிருந்து இணையம் வழியாகக் கோரிக்கைகள் வரத் தொடங்கின. வாட்டுகிற தட்டில் எவ்வளவு சூடு, இலை எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று ஏழு தொழிற்சாலைகளும் நாள் முழுக்க அனுப்பிக்கொண்டிருக்கும். பல கோரிக்கைகள் ஒரே சமயத்தில் வந்தால் என்ன செய்வது? ஒவ்வொரு கோரிக்கைக்கும் இமேஜுக்குள் தனியாக ஒரு வேலை பிறக்கும், முடிந்ததும் மறைந்துவிடும். சேர் அதை 'ஆள்' என்பார். காலையில் வந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "வாசல்ல எத்தினை பேர் நிக்கினம்?" என்பதுதான். வெளியாள் யாராவது கேட்டால் எங்களுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

"இவை மரியாதை தெரிஞ்ச ஆக்கள்" என்பார். "ஒருத்தன் வேலை செய்யேக்க மற்றவன் இடையில பூரமாட்டான். ஆனா அவன் எதுக்காவது காத்து நிண்டான் எண்டால், அந்த நேரம் மற்றவன் உள்ளுக்க வந்திடுவான். அப்ப எந்த இடம் பயப்பட வேண்டிய இடம்?"

"காத்து நிக்கிற இடம் சேர்."

"ம். அதுக்குத்தான் திறப்பு."

திறப்பு என்றால் யாழ்ப்பாணத்துப் பேச்சில் சாவி. பதிவேடு இமேஜுக்கு வெளியே தனிக் கோப்பாக இருக்கும்; அதில் எழுத ஒரே ஒரு திறப்புத்தான் இருக்கும். அதை எடுத்தவன் உள்ளே போய் எழுதுவான். மற்றவர்கள் வாசலில் வரிசையாக நிற்க வேண்டும். அவன் வெளியே வந்து திறப்பைக் கொடுத்தால்தான் அடுத்தவன் போகலாம். இதை நான் நன்றாகவே படித்தேன். படிக்காமல் செய்த பிழை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

ஒரு வருஷம் மழை கடுமையாக இருந்தது. மலைச்சரிவில் இருக்கிற லயங்களில் ஆட்களை அப்புறப்படுத்தும்போது யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் பெரிய குழப்பம். அதன் பிறகு கம்பனி எங்களிடம் ஒரு சேவை கேட்டது. எச்சரிக்கை வந்தால் ஆட்கள் மூன்று இடங்களில் கூட வேண்டும்: பள்ளிக்கூடம், தொழிற்சாலை, கோயில். ஒவ்வொரு இடத்திலும் ஓர் உத்தியோகத்தர் போனுடன் நிற்பார். 'பத்திரம்' அல்லது 'காணவில்லை' என்று தட்டிவிட்டு, அந்த ஆளின் பெயரையும் லயத்தையும் அனுப்புவார். இங்கே பட்டியல் உருவாகும். தோண்டப் போகிறவர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் எங்கே தோண்டுவது என்று தீர்மானிப்பார்கள்.

அதை எழுதியது நான். சேர் என்னை நம்பிக் கொடுத்தார்.

எழுதும்போது என் மனதில் இருந்தது பெரட்டுத்தான். தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம் அது. கணக்கப்பிள்ளை ஒருவர், பெயர்ப் புத்தகம் ஒன்று, குரல் ஒன்று. அவர் கூப்பிடுவார், ஆட்கள் பதில் சொல்வார்கள். என் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ காலை அங்கே நின்றிருக்கிறேன். இரண்டு பெரட்டு ஒரே இடத்தில் ஒரே நேரம் நடந்து நான் பார்த்ததே இல்லை. அதனால், இப்போது எந்த இடத்திலிருந்து, என்ன நிலை என்று குறித்துவைக்க ஒரே ஒரு பலகையை வைத்தேன். வருகிற ஆள் முதலில் பலகையில் நிலையையும் இடத்தையும் எழுதுவான். பிறகு பெயர் முழுதாக வந்து சேரும்வரை காத்திருப்பான். வந்ததும், பெயரையும் பலகையில் உள்ளதையும் சேர்த்துப் பதிவேட்டுக்குக் கொண்டுபோவான். பதிவேட்டுக்குத் திறப்புப் போட்டேன். பலகைக்குப் போடவில்லை.

சேர் வழக்கம்போல ஒவ்வொரு வரியாக வாய்விட்டு வாசித்தார். பலகை வந்த வரியில் நின்றார்.

"இந்தப் பலகை ஆற்றை, பிள்ளை?"

"எல்லாருக்கும் பொது சேர்."

அவர் புருவத்தைச் சுருக்கினார். அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. பேசி முடித்துவிட்டு வந்து அடுத்த வரியை வாசித்தார்.

நாங்கள் எத்தனையோ தடவை சோதித்தோம். ஒரு தடவைகூடப் பிழைக்கவில்லை. அலுவலகத்தில் சிக்னல் நன்றாக இருக்கும், பெயர் கண் இமைக்கிற நேரத்தில் வந்துவிடும், காத்திருப்பதற்கு இடமே இல்லை.

அந்த ஐப்பசியில் ஐந்து நாள் விடாத மழை. ஆறாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்குத் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு எச்சரிக்கை வந்தது. ஆட்கள் லயங்களை விட்டு இறங்கத் தொடங்கினார்கள். இரண்டரை மணிக்கு ஐந்தாம் லயமும் ஆறாம் லயமும் இருந்த சரிவு கீழே வந்துவிட்டது. பகல்தான், ஆனால் பனிமூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை என்றார்கள். சத்தம் கேட்டதாம், என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியவில்லையாம்.

ஹட்டனில் எங்கள் திரையில் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. சேர் திரையைத் தொடாமல் ஒவ்வொரு பெயரையும் மெதுவாக வாசித்தார். மூன்று மணிக்குக் கரண்ட் போனது. பற்றரி கீச்சிட்டது. கரண்ட் போனால் இமேஜைச் சேமித்துவிட வேண்டும் என்பது சேருடைய சட்டம். மூன்று பத்துக்கு, "நித்திரையாக்குவம்" என்று சொல்லிச் சேமித்து ஒரு பிரதியும் எடுத்தார். பற்றரி இன்னும் ஒரு நிமிஷம் தாக்குப்பிடித்து அணைந்தது. மூன்று நாற்பதுக்கு ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் திரும்பத் திறந்தோம்.

தொழிற்சாலையில் நின்ற உத்தியோகத்தர் எனக்குப் போன் செய்தார். "மிஸ், இங்க ராமையான்னு ஒருத்தரு. பெக்டரியில வேல செஞ்சவரு. சம்சாரத்தக் காணோம்னு நிக்கிறாரு. பேரு புஷ்பம், ஆறாம் லயம். நான் மூணு மணிக்கே காணவில்லைன்னு அனுப்பிட்டேன். வந்துச்சா?"

நான் பட்டியலைப் பார்த்தேன். புஷ்பம், ஆறாம் லயம், பத்திரம், பள்ளிக்கூடம். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. மூன்று பத்துக்கு ஒன்று, மூன்று நாற்பதுக்கு ஒன்று. இரண்டு தடவை எண்ணியிருக்கிறார்கள் என்றால் இன்னும் உறுதிதானே என்று நினைத்தேன்.

"பயப்பட வேணாம்னு சொல்லுங்க. ஸ்கூல்ல பத்திரமா இருக்காங்க" என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

ராமையா சேற்றில் இறங்கிப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார். அங்கே நடந்ததைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறது என்ற சேதி அவருக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. ஒருவர், "இப்பதான் இங்கன இருந்தாங்க" என்றார். இன்னொருவர், "கை கழுவப் போனாங்க" என்றார். ஒரு பெண், புஷ்பம் சில பிள்ளைகளோடு அந்தப் பக்கம் போனதைப் பார்த்தேன் என்றார். யாரும் பொய் சொல்லவில்லை. இருக்கிறாள் என்று சொல்லப்பட்டது, அதனால் பார்த்தார்கள். ராமையா பள்ளிக்கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். கோயிலுக்குப் போனார், திரும்பி வந்தார். ஒவ்வொரு இடத்திலும் அவர் வருவதற்குக் கொஞ்சம் முன்புதான் அவள் போயிருந்தாள்.

தோண்ட வந்தவர்கள் ஐந்தாம் லயத்தைத் தோண்டினார்கள். ஆறாம் லயத்தில் எல்லோரும் பத்திரம் என்று பட்டியல் சொன்னது. ஐந்தாம் லயத்தில் இரண்டு பேரை உயிரோடு எடுத்தார்கள். ஆறாம் லயத்தில் மண்வெட்டி பட்டது மூன்றாம் நாள். நாலாம் காம்பராவின் பின்னால் விறகுக் கொட்டிலின் கூரை சரிந்து ஒரு சின்ன இடைவெளி இருந்ததாம். புஷ்பம் அதற்குள் உட்கார்ந்த நிலையில் இருந்தாராம்.

இரண்டு வாரம் கழித்துத் தோட்டத்து அலுவலகத்தில் விசாரணை நடந்தது. கொழும்பிலிருந்து ஒரு துரை, கம்பனியின் பெரிய அதிகாரி, வந்திருந்தார். சேரும் நானும் போனோம். முதலில் டாக்டர் எழுதிய தாளை வாசித்தார்கள். அவர் உடனே இறக்கவில்லை, மறுநாள் விடியும்வரையாவது உயிர் இருந்திருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. நகங்களுக்குள் மண் என்றும் இருந்தது. அறைக்குள் இருந்தவர்கள் மட்டும் கேட்டோம். ராமையாவை வெளியே உட்கார வைத்திருந்தார்கள். அவரிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தார்கள்.

பிறகு பள்ளிக்கூடத்தில் நின்ற கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டார்கள்.

"நான் பேரு கூப்புட்டேங்க. யாரோ இருக்காங்கன்னு சத்தம் குடுத்தாங்க. சத்தம் வராம நான் எப்புடி அனுப்புவேன்?"

எல்லோருக்கும் அது உடனே விளங்கிவிட்டது. பெரட்டில் நடக்கிறதுதான். லேட்டானால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால், யாராவது இன்னும் ஏறி வந்துகொண்டிருந்தால் பக்கத்து வீட்டுக்காரி அவருக்காக "இருக்காங்க" என்று சத்தம் கொடுப்பார். என் அம்மாவும் கொடுத்திருக்கிறார், அம்மாவுக்காகவும் கொடுத்திருக்கிறார்கள். புஷ்பத்துக்காக எப்போதும் சத்தம் கொடுக்கிறவர் மூன்றாம் காம்பரா சரசு என்று தோட்டத்துக்கே தெரியும். கூப்பிட்டார்கள். வந்து சுவரோரம் நின்றார்.

"அன்னிக்கு நீதான் சத்தம் குடுத்தியா?" என்று கேட்டார்கள்.

சரசு சேலை நுனியைச் சுருட்டினார்.

"பெரட்டுல எப்பவும் நான்தாங்க குடுப்பேன். அன்னிக்கும் குடுத்திருப்பேன்" என்றார்.

எழுதிக்கொண்டார்கள். கைநாட்டு வாங்கினார்கள். வெளியே உட்கார்ந்திருந்த ராமையா அதற்குள் ஜன்னலோரம் வந்து இதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அவர் சரசுவின் முகத்தைப் பார்க்காமல் நடந்துபோனதை நான் கண்டேன்.

கடைசியாக அந்தத் துரை, அன்றைய பட்டியலைப் பார்க்க வேண்டும் என்றார். சேர் மடிக்கணினியில் அன்று மூன்று பத்துக்கு எடுத்த பிரதியை வைத்திருந்தார். அதைத் திறந்தார். திரை வந்தது. நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பட்டியலின் அடியில் ஒரு புதிய வரி வந்து விழுந்தது.

புஷ்பம், ஆறாம் லயம், நாலாம் காம்பரா, பத்திரம், பள்ளிக்கூடம். விசாரணை நடந்த அந்த நாளின் தேதி. அந்த நிமிஷத்து நேரம்.

மழைகூட அப்போது இல்லை. "மேக்க எவ்வே கவுத?" என்று துரை சிங்களத்தில் கேட்டார், இதை அனுப்பியது யார் என்று. கணக்கப்பிள்ளை தன் போனைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்து, கையை எடுத்துக்கொண்டார். நான் கதவைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். யாரோ ஈரத்தோடு வந்து நிற்பார்கள் என்று தோன்றியது.

சேர் மடிக்கணினியை மூடினார். "அச்சடிச்சு அனுப்பி வைக்கிறன்" என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும்போது தலவாக்கலை பஜாரைத் தாண்டியதும் சேர் சொன்னார்: "அது ஆவியுமில்லை, ஒண்டுமில்லை. அண்டைக்கு நாங்கள் நித்திரையாக்கேக்க ஒரு ஆள் வாசல்ல நிண்டிருக்கிறான். திறக்கிற நேரமெல்லாம் அவன் எழும்பி, தன்ர வேலையை முடிச்சுப்போட்டுப் போறான். நாளைக்குக் காலமை அவனை அசையாமல் பிடிச்சு வைச்சு, கையில என்ன வைச்சிருக்கிறான் எண்டு பாப்பம்."

மறுநாள் காலை எட்டு மணி. சேர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். பிரதி திறந்தவுடன் மற்ற எல்லா வேலைகளையும் நிறுத்துகிற ஒரு மேலதிகார வேலையை முதலில் எழும்ப வைத்தோம். எல்லாம் நின்றது. வாசலில் ஒரே ஒரு ஆள், திறப்புக்காகக் காத்துக்கொண்டு. திறப்பு அந்த நேரம் பதிவேட்டைப் பிரதி எடுக்கிற வேலையிடம் இருந்திருக்கிறது. அந்த ஆளைத் திறந்து பார்த்தோம். வந்த கோரிக்கை அப்படியே இருந்தது. சேர் வாய்விட்டு வாசித்தார்.

"அனுப்பியது தொழிற்சாலை. நிலை, காணவில்லை. பெயர் புஷ்பம். ஆறாம் லயம், நாலாம் காம்பரா. குறிப்பு..." அங்கே அவர் குரல் நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். 'கடைசியாக விறகுக் கொட்டிலுக்குப் போனார். கணவர் சொன்னது.'

எங்கே தோண்ட வேண்டும் என்றுகூட ராமையா சொல்லியிருக்கிறார்.

பலகையைப் பார்த்தோம். 'பத்திரம், பள்ளிக்கூடம்.' நடந்தது இவ்வளவுதான். மழையில் சிக்னல் விட்டு விட்டு வந்தது. புஷ்பத்தின் ஆள் பலகையில் 'காணவில்லை' என்று எழுதிவிட்டுப் பெயர் வருவதற்காகக் காத்து நின்றான். அந்த நேரம் பள்ளிக்கூடத்திலிருந்து இன்னொருவன் வந்து, அதே பலகையை அழித்து 'பத்திரம், பள்ளிக்கூடம்' என்று எழுதிவிட்டான். பெயர் வந்ததும் இவன் பலகையில் இருந்ததை நம்பி எடுத்துக்கொண்டு பதிவேட்டு வாசலுக்குப் போய்விட்டான். சேமித்த பிறகு பற்றரி தாக்குப்பிடித்த அந்த நிமிஷத்தில் ஒரு தடவையும், திரும்பத் திறந்ததும் இன்னொரு தடவையும் எழுதியிருக்கிறான். பள்ளிக்கூடத்துப் போனிலிருந்து வந்த எல்லாக் கோரிக்கைகளையும் தேடினோம். புஷ்பம் என்ற பெயரே இல்லை; கூப்பிட்டிருந்தால் பத்திரம் என்றோ காணவில்லை என்றோ ஒன்று வந்திருக்க வேண்டும். கணக்கப்பிள்ளை அந்தப் பெயரைக் கூப்பிடவே இல்லை. கூப்பிடாத பெயருக்குச் சரசு எப்படிச் சத்தம் கொடுத்திருப்பார்?

"பிழை என்ரை" என்றார் சேர். "அந்த வரியில நான் நிண்டனான். தெரிஞ்சு நிண்டு, பிறகு தாண்டிப் போனனான்."

நான் எழுதிய வரி. 'இல்லை சேர், என்னுடைய பிழை' என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். அதைவிடப் பெரிய பயம் ராமையாவின் முகம்.

சேர் கம்பனிக்குப் பிழை தன்னுடையது என்று எழுதினார். விசாரணை முடிந்துவிட்டது, கோப்பு மூடப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. பலகையை எடுத்துவிட்டு, அவரவர் நிலையை அவரவரே வைத்துக்கொள்ளும்படி நிரலைத் திருத்தினோம். அந்தப் பிரதியை மட்டும் அவர் அழிக்க விடவில்லை. அது சாட்சி என்றார். அடுத்த வருஷம் ஊருக்குப் போனார். போகிற அன்று படியில் நின்று சொன்னார்: "கடிதம் கம்பனிக்கு எழுதியாச்சு, பிள்ளை. அந்தச் சரசு மனுசிக்கு ஆரும் சொல்லேல்லை. என்ர பேச்சு அதுக்கு விளங்காது. நீங்கள் போய்ச் சொல்லுங்கோ."

"போறேன் சேர்" என்றேன்.

போகவில்லை. மகளின் பரீட்சை, பிறகு அம்மாவின் நோய், பிறகு என்னென்னவோ. சேர் ஊரிலேயே காலமானார். சரசுவைப் பற்றி அவ்வப்போது காதில் விழும். குழாயடியில் அவர் வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். நல்லது கெட்டதுக்குக் கூப்பிடுவதில்லையாம். மகளுக்குப் பேசிய சம்பந்தம் முறிந்ததாம். கடைசியில் மகனோடு ராகலைக்கே போய்விட்டார். ஒவ்வொன்றையும் கேட்டேன், கேட்டுவிட்டு அலுவலகத்துக்குப் போனேன். நான் நல்லவள் என்று இதை வாசிக்கிற யாரும் நினைக்க வேண்டாம்.

ஷர்மிளா போன் செய்த வாரமே ராகலைக்கு பஸ் ஏறினேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பெயர்களின் பட்டியலைத் தாளில் எடுத்துக்கொண்டேன். மகன் வீட்டுக்குப் பின்னால் சரசு அக்கா உட்கார்ந்து கரட்டைக் கழுவிக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன். பலகை, ஆள் என்று உளறாமல், என்ன நடந்தது என்பதை முடிந்தவரை நேராகச் சொன்னேன். அது என் பிழை என்றும் சொன்னேன். மருமகள் தாளை வாங்கிப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். புஷ்பம் இல்லை.

"பேரு கூப்புட்டாங்க தங்கச்சி" என்றார் சரசு அக்கா.

"இல்லக்கா. கூப்புடவே இல்ல. நீங்க சத்தமே குடுக்கல. உங்க மேல ஒரு குத்தமும் இல்ல."

"நான் குடுத்தேன். குடுத்துட்டுத் திரும்பிப் பாத்தேன். அவ தூணு ஓரமா நின்னா. சேல பூராவும் ஈரம். என்னயப் பாத்துச் சிரிச்சா."

மருமகள் வாசித்த தாளை மடித்து என் கையில் கொடுத்தார். கரட் கழுவிய தண்ணீர் என் காலடியில் ஓடியது.

"வெளிய வந்துட்டு, எதையோ எடுக்கத் திரும்பப் போயிட்டான்னுதான் நான் நெனச்சிருந்தேன்" என்றார். "எல்லாரும் என்னய ஏசுனாங்க. ஏசட்டும். ஒரு நிமிஷமாச்சும் அவ வெளிய வந்து நின்னாளே. அத நெனச்சுத்தான் நான் தூங்குவேன். இப்ப நீங்க வந்து அவ வரவே இல்லங்குறீங்க."

"மன்னிச்சிருங்கக்கா" என்றேன்.

அவர் கட்டிய கட்டை அவிழ்த்து, திரும்பக் கட்டினார். மருமகள் உள்ளே தேத்தண்ணி ஊற்றப் போனார். மருமகள் போனதும், சரசு அக்கா தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"அப்ப உள்ள எவ்வளவு நேரம் இருந்தா தங்கச்சி?"

டாக்டரின் தாள் எனக்கு வரிக்கு வரி மனப்பாடம். விடியும்வரை. நகங்களுக்குள் மண். உண்மையைச் சொல்வதற்காகவே பதினொரு வருஷம் கழித்துப் புறப்பட்டு வந்திருந்தேன்.

"நேரமே இல்லக்கா. மண்ணு விழுந்த ஒடனே போயிட்டாங்க. டாக்டர் எழுதியிருந்தத நானே பாத்தேன்."

சரசு அக்கா முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதச் சொல்லத்தானே இம்புட்டுத் தூரம் வந்தீங்க. நல்லா இருப்பீங்க தங்கச்சி."

"ஆமாக்கா" என்றேன்.